கொண்டாட்ட மலரில் இடமில்லாதவர்கள்

மாண்ட்ரீல், நவம்பர் 1971

அன்புள்ள அம்புஜத்துக்கு,

பேராசிரியர் வேலை என்று உனக்கு எழுதியது சுத்தப் புளுகு. நான் இங்கே டைப் அடிக்கிறேன். ஐரோப்பாவில் பல வருடம் முகாமிட்டிருந்த ஒரு கனடா விமானப்படைப் பிரிவுக்கு வரலாற்று மலர் போடுகிறார்கள். தொகுப்பாசிரியன் நம் ரகுநாதன்தான். கோட்டு மாட்டிய நாளிலிருந்து அவனுக்குக் கழுத்து திரும்புவதில்லை.

மலரில் விருந்துகளுக்கு நாற்பது பக்கம், ஹாக்கிக் கோப்பைகளுக்குப் பன்னிரண்டு. பயிற்சியில் விழுந்து செத்த விமானிகளின் பெயர்களுக்கு ஒரே பக்கம்.

“யோவ், கொண்டாட்ட மலர்ல எழவு எதுக்குய்யா? தூக்கு!” என்றான் ரகுநாதன்.

வில்லரே பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மேடம் கானியோன். அவள் மகன் பெயர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தினமும் மாடிப்படியில் மறித்து, “முஸ்யே, என் பையன் பேர் அச்சாயிடுச்சா?” என்று கேட்பாள். “வந்துக்கிட்டே இருக்கு மேடம்” என்பேன்.

நேற்று அந்தப் பெயர்கள் இல்லாமலே மலர் அச்சாகி வந்துவிட்டது. மனுஷ ஜென்மங்களா இவர்கள்? இன்று பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

உன் கணவன்

பி.கு. மலரில் ஒரு பிரதி உனக்கு அனுப்புகிறேன். பெயர்களைத் தூக்கியதில் காலியான அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, என் நகைச்சுவைக் கட்டுரையைப் போட்டிருக்கிறேன். போட்டோவோடு.