இடம் வலம் எழுதாத படம்

மார்ச் 2

அன்புள்ள சின்னவளே,

உன் படத்தில் இருப்பது என்ன? நேற்றுக் காலை ஆஸ்பத்திரி முன்கூடத்தில் ஒருவர் என்னை இப்படிக் கேட்டார். கழுத்துப் பட்டை போட்டிருந்தவர். தலையைத் திருப்ப முடியாததால் உடம்பையே திருப்பிக்கொண்டு, "டாக்டரம்மா, இது என்னங்க?" என்றார். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்து இது இன்னது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று லிஃப்டுக்குள் புகுந்துகொண்டேன்.

கட்டட வடிவமைப்பாளர் முன்கூடத்துச் சுவருக்கு உன் படத்தைத் தேர்ந்தெடுத்தபோது, வரைந்தவள் என் தங்கை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது. மூக்கு ஒரே மாதிரி இருக்கிறதாம். அதனால் ஆஸ்பத்திரி டைரக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். படத்துக்கு ஒரு பெயரும் இரண்டு வரி விளக்கமும் வேண்டுமாம். "நம்பிக்கை" என்று வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவரே எடுத்தும் கொடுத்தார். பதினாறாம் தேதி கூட்டத்துக்குள் வராவிட்டால் படம் கிடங்குக்குப் போகும், அந்த இடத்தில் சூரியோதயப் புகைப்படம் வரும்.

உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே எழுதிவிடலாம் என்று எனக்குத் தெரிந்த முறையில் முயன்று பார்த்தேன்:

"சாம்பல் நிறப் பரப்பு, அடர்த்தி சீராக இல்லை. கீழ் விளிம்பில் கறுப்புப் பட்டை ஒன்று, வலது ஓரத்தைத் தொடாமல் நின்றுவிடுகிறது. இடது மேல்பகுதியில் சிறிய நீலக் கீறல், காரணம் தெரியவில்லை. முறிவு இல்லை. வீக்கம் இல்லை. படத்தில் இடம், வலம் குறிக்கப்படவில்லை. எனவே நேராகத்தான் மாட்டப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்ய இயலவில்லை. பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும்."

இதைக் கொடுத்தால் என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இரண்டே வரி எழுதி அனுப்பு. போனில் கேட்டிருப்பேன். ஆனால் போனில் நமக்கு இரண்டாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. கடிதத்தில் ஒரு பக்கமாவது தாங்குகிறோம்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. பட்டறை ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய். டர்பன்டைன் நெடி உன் நுரையீரலுக்கு ஆகாது.

உன்
அக்கா


மார்ச் 6

என் அருமைப் பூதக்கண்ணாடிக்கு,

உன் ரிப்போர்ட்டைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். என் படத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் இதுதான் பொய் இல்லாதது. வீக்கம் இல்லை என்று நீ சான்றிதழ் கொடுத்ததில் ரொம்ப நிம்மதி.

இரண்டு வரி கிடையாது. இரண்டு வரியில் சொல்ல முடிந்திருந்தால் எதற்கு மழைக்காலம் முழுக்கத் தரையில் முட்டி போட்டுச் சுரண்டினேன்? நான் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. சுவருக்குப் பட்டி பூசுகிறவர்கள் வைத்திருக்கும் தகடு இருக்கிறதல்லவா, அதுதான் என் கருவி. ஒரு நிறத்தைப் பூசி, காய்வதற்குள் முக்கால்வாசியை வழித்து எடுத்துவிடுவேன். அதன்மேல் அடுத்தது. மறுபடியும் வழிப்பு. கடைசியில் நீ பார்ப்பது நான் பூசியதை அல்ல, எடுக்காமல் விட்டதை. அந்த நீலம், தகடு வழுக்கிய இடம். பார்த்தேன், விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் கண்காட்சி ஒன்றைக்கூட நீ தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நேராகப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய பெயர்ச் சீட்டுக்குப் போவாய், பெயரைப் படிப்பாய், படத்தை ஒரு தடவை சரிபார்ப்பாய், அடுத்த சீட்டுக்கு நகர்வாய். அதனால்தான் சீட்டு வைப்பதையே நிறுத்தினேன். அப்போது நீ மூலையில் நின்று சமோசாக்காரர் வரும் வழியைப் பார்க்க ஆரம்பித்தாய்.

டீ இடைவேளையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார். எதையும் கண்டுபிடிக்காதே. சும்மா உட்கார்ந்து பார். பிறகு எழுது.

உன் டைரக்டரிடம் சொல்: பெயர் கிடையாது. கழற்றுவதென்றால் கழற்றட்டும்.

இப்படிக்கு,
வீக்கம் இல்லாத தங்கை


மார்ச் 12

அன்புள்ள சின்னவளே,

உட்கார்ந்தேன்.

முதல் நாள் காவலாளி வந்து, "யாருக்கும்மா காத்திருக்கீங்க? நான் வேணா உள்ள போய்ப் பார்க்கட்டுமா?" என்றார். இரண்டாம் நாள் மயக்க மருந்து டாக்டர் டீக்கோப்பையோடு பின்னால் நின்றுகொண்டு, "என்ன மேடம், கட்டியா, நீரா?" என்றார். "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்குறீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியம். வெளிச்சம் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது?

முதலில் படத்தில் ஒரு கல்லீரல் தெரிந்தது. அடுத்த நாள் அது போய்விட்டது. திரும்ப வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பிறகுதான் நிறங்கள் தெரிய ஆரம்பித்தன. நான் சாம்பல் என்று எழுதியது தப்பு. சாம்பலே அதில் இல்லை. அடியில் ஒரு செங்காவி, அதன்மேல் கண்ணாடி போல மெலிந்த பச்சை. இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் போனால் தகடு இழுத்த கோடுகள் தெரிகின்றன. சில இடத்தில் கை அழுத்தியிருக்கிறாய், சில இடத்தில் தயங்கியிருக்கிறாய். அந்தக் கறுப்புப் பட்டை ஓரத்தைத் தொடப்போகிறது, தொடப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் என் கண் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் நீ ஏமாற்றுகிறாய். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மறுநாளும் போகிறேன்.

நீலம் வழுக்கிய இடம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வழுக்கியது தகடு. விட்டுவைத்தது நீ. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்த்தேன், படத்தின் இடதுபக்கம் முழுவதும் செத்துப்போகிறது.

இதைப் படித்துத் தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே. உன் பழைய சிவப்புப் பட வரிசை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அது வெறும் சத்தம்.

ஆனால் ஒரு கேள்வி. இந்தப் படத்தைக் கிடங்கில் போட எனக்கு மனம் இல்லை. ஒரு பெயர்தானே? உன் பூனைக்குக்கூடப் பெயர் வைத்தாய். "நம்பிக்கை" வேண்டாம், "பரப்பு" என்று வைப்போம். யாருக்கும் சேதம் இல்லை.

உன்
அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். கல்லீரல் போய்விட்டது என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு பக்கத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று சொன்னால் உனக்குக் கர்வம் வந்துவிடும், அதனால் சொல்லமாட்டேன்.

பூனை கூப்பிட்டால் வரும். படம் வராது. ஒரு சீட்டு ஒட்டினால் எல்லாரும் சீட்டைத்தான் படிப்பார்கள். உனக்கே இத்தனை நாள் ஆயிற்று, அதுவும் சீட்டு இல்லாததால். நீ பெயர் கொடுத்தால் நானே டெம்போ பிடித்து வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். அதன்பிறகு என் கண்காட்சிக்கு வராதே. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

சிவப்பு வரிசை சத்தம்தான். வேண்டுமென்றே போட்ட சத்தம்.

தங்கை


மார்ச் 16

சின்னவளே,

கூட்டம் முடிந்து நேராக வந்து எழுதுகிறேன்.

டைரக்டர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். "ஒரு பேருதானே டாக்டர்? உங்க தங்கச்சிதானே?"

"பேர் இல்லை சார்."

"ஜனங்க குழம்புறாங்க."

"கொஞ்சம் குழம்பட்டுமே. மேல் மாடிக்குப் போனா டாக்டருங்க நாம எல்லாரும் அவங்களுக்கு விளக்கம்தான் சொல்லப்போறோம்."

நிர்வாக அதிகாரி சிரித்தார். "எங்க வீட்டுச் சின்னது இதைவிட நல்லாப் போடும் மேடம்."

"போடச் சொல்லுங்க. இதே அளவுல, ஒரு மழைக்காலம் பூரா. நான் வந்து உட்கார்ந்து பார்க்குறேன்."

சிரிப்பு நின்றது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நீங்களே சொல்லுங்க. அதுல என்னதான் இருக்கு?"

"தெரியாது சார். எங்க பிரிவுல தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதுவோம். தெரிஞ்ச மாதிரி எழுதினாத்தான் ஆள் செத்துப்போவாங்க."

இவ்வளவும் பேசியது நான்தானா என்று கேட்காதே. ஓட்டெடுப்பில் தோற்றோம். முன்கூடத்துச் சுவர் டைரக்டருடையது, படம் நாளை இறங்குகிறது. எழுந்திருக்கும்போது, "ஸ்கேன் பிரிவு காத்திருப்பு அறைச் சுவர் யாருடையது?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்துவிட்டேன். ரொம்ப நாளாக அங்கே ஒரு பல் மருத்துவ விளம்பரம் தொங்குகிறது. நாளை அதைக் கழற்றப்போகிறேன். அனுமதி கேட்கவில்லை. என்ன நடக்கும் என்று தெரியாது.

சீட்டு கிடையாது. நீ டெம்போ பிடிக்க வேண்டாம்.

அக்கா


மார்ச் 18

சின்னவளே,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தச்சரும் இரண்டு பேரும் படத்தை இறக்கினார்கள். கிடங்குக்குத் தூக்கப் போனவர்களை மறித்து, "மேலே" என்றேன். லிஃப்டில் நுழையவில்லை. ஸ்ட்ரெச்சர் போகும் சரிவுப் பாதையில் சுமந்துகொண்டு வந்தார்கள். எதிரே வந்த ஸ்ட்ரெச்சருக்கு ஒருமுறை வழிவிட்டார்கள். நான் முன்னால் போய்க் கதவுகளைத் திறந்து பிடித்தேன்.

சுவரருகே வந்ததும் தச்சர் படத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அம்மா, இதுல மேல் பக்கம் எது? பின்னால ஏதும் எழுதியிருக்கா பாருங்க."

"பார்க்க வேண்டாம். அந்த நீலம் மேல வரணும், இடது கைப்பக்கம்" என்றேன். மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: நேராக இருக்கிறதா என்று உறுதி செய்ய இயலவில்லை என்று ரிப்போர்ட் எழுதியவள் நான்தான்.

பதினோரு மணி வாக்கில் டைரக்டர் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். "இது என்னன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். "தெரியாதுன்னு சொல்வேன். உட்காருங்க சார்" என்றேன். உட்காரவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்கட்டும்.

அந்த அறையில் டியூப்லைட் வெளிச்சம்தான். பச்சை அடங்கிப்போய், காவி முன்னால் வந்து நிற்கிறது. வேறு படம் மாதிரி இருக்கிறது. நீயே வந்து பார்த்தால் திட்டுவாய்.

மதியம் அந்தக் கழுத்துப் பட்டைக்காரர் ஸ்கேனுக்கு வந்திருந்தார். "இங்கயும் வந்துட்டுதா இது?" என்றார். ஆமாம் என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் படம் பக்கவாட்டில் இருக்கிறது, அவருக்கோ தலை திரும்பாது. எழுந்து, நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே இருந்து அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

அக்கா