ஆமையின் முதுகில் ஒட்டிய சீட்டு

மார்ச் 3, திங்கள்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது; படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப்போவது நான்தான். ஆனாலும் மரியாதை மரியாதைதான். 'ழ'வுக்கு வால் போடும்போது பேனா தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது. எழுபது வயதில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டுகிறவனுக்கு மேசையும் தாள்தான்!

மகள், தானாகவே தரை பெருக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்குப் புத்தி எழுதுவது அவள் வேலை. வட்டமாக, தட்டையாக இருக்கிறது. ஆமை என்று பேர் வைத்தேன். சுவரைத் தொட்டதும் நின்று, கொஞ்சம் பொறுத்து, திரும்ப வேண்டும். இது பொறுக்காமல் முட்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மேலாளர் பார்க்க வருகிறார். அன்றும் முட்டினால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம்.

மார்ச் 4

இன்று முட்டியவை: சுவர், அலமாரி, என் கட்டைவிரல்.

மார்ச் 5

மகள் கண்டுபிடித்துவிட்டாள்!

"எல்லாம் கம்பைலர் பண்ற வேலைப்பா. நான் எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் கொடுக்கும். வேகமா ஓடட்டும்னு வேண்டாததைத் தூக்கியும் போட்டுடும்."

பொறுத்திருக்கச் சொல்லும் வரிகளை மட்டும் அவள் இயந்திரத்தின் சொந்த பாஷையிலேயே எழுதி நடுவில் செருகியிருந்தாள். அசெம்பிளி என்று பேராம்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு கம்பைலர் படிச்சுப் பாக்காது. கடைசியில ஒரு எண் வரும். அந்த எண்ணை யாரும் கேக்கலை. சும்மா கிடக்குதுன்னு மொத்தத்தையும் தூக்கிடுச்சு."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. தானாக விழவில்லை.

மருந்து ஒரே ஒரு வார்த்தை. வோலடைல். சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் தூக்காதே என்று அர்த்தமாம். எழுதினாள். ஆமை சுவரைத் தொட்டது, நின்றது, யோசித்தது, திரும்பியது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பலமா! எனக்கும் கை துறுதுறுவென்றது. "தூக்காதே" என்று சீட்டு எழுதி ஆமையின் முதுகில் ஒட்டினேன். 'தூ' வருவதற்குள் காபி ஆறிவிட்டது.

மார்ச் 7, காலை

ஆமையைக் காணோம்.

வீட்டுக்காரி அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு நீல வாளி வாங்கியிருக்கிறாள்.

"மூலையில சும்மாதானே கிடந்துச்சு?"

சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, அடிப்பாவி!

"முதுகுல அவ்வளவு பெருசா எழுதியிருந்தேனே!"

"எழுதினீங்க. எனக்குப் படிக்கத் தெரியுமான்னு கேட்டீங்களா?"

மகள் அழுகிறாள். மேலாளர் கிளம்பிவிட்டாராம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் —

சாயங்காலம்

சாமான் கடையில் ஆமை ஓடிக்கொண்டிருந்தது! தகர டப்பா, உடைந்த நாற்காலி, குளிர்பெட்டிக் கதவு — ஒவ்வொன்றையும் தொட்டு, நின்று, பொறுத்து, திரும்பியது. கடைக்காரர் மேசைமேல் கால் தூக்கி உட்கார்ந்திருந்தார்.

"தர மாட்டேன் பெரியவரே! என் கடைத் தரை என்ன நிறம்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளரை அங்கேயே வரச் சொன்னாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"ஆபீஸ்ல நாம வைக்கிற தடையெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. நீயே முடிச்சுக் கொடும்மா."

தரை முழுக்கப் பெருக்கி முடிந்த பிறகுதான் கடைக்காரர் மனம் இறங்கினார். வாளியைக் கொடுத்து ஆமையை மீட்டோம். வீட்டுக்காரிக்கு வாளி போன துக்கம்.

மார்ச் 10

இன்று வீட்டுக்காரியும் என்னோடு வகுப்புக்கு வந்தாள். 'அ' போட்டாள். என்னுடையதைவிட நேராக! வாத்தியாரம்மா என் எதிரிலேயே மெச்சினார்.

இதைப் பென்சிலில் எழுதுகிறேன். பேனா சும்மா கிடந்ததாம். 'ஆ' பழக எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் எழுத வேண்டும். அதற்குள் அவள் 'தூ' வரை வந்துவிட்டால், பேனாவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவேன்.