நேரில் கண்ட பவளப்பாறை

ஜனவரி 1974, திங்கள் இரவு, மந்தைவெளி

பவளப்பாறை பார்க்க மண்டபத்திலிருந்து தீவுக்குப் படகில் போன விலங்கியல் மாணவர்கள் எட்டுப் பேர். பெண்கள் நானும் கமலாவும்தான். கடலுக்குள் முங்கிப் பார்க்க மூச்சுவிடும் குழாயை எடுத்து மாட்டப் போனேன்.

"பொண்ணுங்க எறங்க வேணாம்மா. பசங்க வரையறதப் பாத்து ரெக்கார்டு நோட்டுல போட்டுக்குங்க" என்றார் புரொபசர்.

பையன்களின் செருப்புக்குக் காவல் இருந்தோம். பக்கத்திலேயே பாசி எடுக்கும் பெண்கள் சேலையோடு முங்கி எழுந்தார்கள். "ஏந்தாயி, நீங்க எறங்கலையா?" என்றாள் ஒருத்தி. வெட்கமாகப் போய்விட்டது.

நாளை நோட்டுக் கொடுக்க வேண்டும். கமலா பையன்கள் வரைந்ததைப் பார்த்து வரைந்துவிட்டாள். 'நேரில் கண்டவை' என்ற தலைப்பின்கீழ் நான் ஆறு ஜோடி செருப்பை வரைந்து, வார், குதி, ஆணி என்று பாகமெல்லாம் குறித்துவிட்டேன். புரொபசர் கையெழுத்துப் போடட்டும், பார்க்கிறேன்.