ருசி பார்க்காத பஞ்ச்

சேசு மரி சூசை துணை
அடையாறு, 26-12-1944

அன்புள்ள தேசம்மாவுக்கு லாசர் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

பண்டிகையன்று இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. மத்தியான விருந்துக்கு ரம், எலுமிச்சை, லவங்கம், சர்க்கரை சேர்த்து பஞ்ச் கலந்து வைத்துவிட்டு மயிலாப்பூர் பூசைக்குக் கிளம்பினேன். கள்ளச் சரக்கு குடித்து யாருக்கோ கண் போனதைக் கேட்டதிலிருந்து துரைக்குச் சந்தேகம். "நீ முதலில் குடி" என்று டம்ளரை நீட்டினார். பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாதே! சொன்னேன், நம்பவில்லை. "என்ன கலந்தாய்?" என்று வாசலை மறித்துக்கொண்டார்.

பாத்திரம் துலக்கும் கெங்கம்மா வந்து டம்ளரைப் பிடுங்கினாள். "அவுரு கோயிலுக்குப் போறாரு தொர, வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது" என்று மடமடவெனக் குடித்தாள். என்னிடம் திரும்பி, "சக்கர பத்தல நைனா" என்றாள்.

துரை வழிவிட்டார், போய் நன்மை வாங்கினேன். துரைக்காக வேண்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவர் இன்னும் என்னிடம் பேசவில்லை. வேலைக்கு ஒன்றும் ஆகாது.

நீ சுட்ட அதிரசம் கொஞ்சம் தபாலில் அனுப்பு, கெங்கம்மாவுக்கு. எனக்கும் ஒன்று வை.

துரை மணியடிக்கிறார். இன்றைக்கும் விருந்து. நான் பூசைக்குப் போகவில்லை, அதனால் முதல் டம்ளர் எனக்குத்தான்.

லாசர்