கண்மாய்க் கணக்கு

அக்கா,

இன்று கறம்பக்குடி பஸ் ஒரு கண்மாய்க்கரையில் பழுதாகி நின்றது. வற்றும் சேற்றின் கவிச்சை ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. நீங்கள் இறந்துபோனீர்கள் என்று கேட்டபோது வராத அழுகை, அந்த நாற்றத்துக்கு வந்தது.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த வருஷம் அது. நீங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். மழை ஏமாற்றி, கண்மாய் அரைவாசிதான் நிரம்பியிருந்தது. புத்தகத்திலிருந்த தொட்டிக் கணக்கை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போனீர்கள். கோடு கீறிய மூங்கிலைத் தண்ணீரில் ஊன்றி, வாரந்தோறும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னீர்கள்.

"இந்தத் தண்ணி நெல்லு வெளையிற வரைக்கும் வருமா? கண்டுபிடிங்க."

"மாடு குடிக்கிறதையும் சேக்கணுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"சேத்துப் பாரு, விட்டும் பாரு. விடை எம்புட்டு மாறுதுன்னு நீயே சொல்லு."

இன்னொருத்தி, கண்மாய் பெட்டி மாதிரி இல்லை, சட்டி மாதிரி அடியில் குறுகும் என்றாளாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனீர்கள்.

எல்லா வயலிலும் நட்டால் கதிர் பால் பிடிக்கும் முன்பே தண்ணீர் தீரும். பாதியில் நட்டால் தேறும். இதுதான் விடை. பிள்ளைகள் வீட்டில் சொல்ல, எல்லாரும் பாதி வயலில் மட்டும் நடலாமே என்று அப்பன்மார் ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். மடையை ஒட்டிப் பெரும்பண்ணை வைத்திருந்தவர் மறுநாளே வகுப்புக்குள் நுழைந்தார்.

"பாடம் நடத்த வந்தீகளா, ஊருக்குக் குறி சொல்ல வந்தீகளா?"

"குறி இல்லைங்க, கழித்தல் கணக்குங்க. நீங்களும் வந்து பாருங்க."

அந்த மாதமே உங்களுக்கு மாற்றல் வந்தது. ஊரே நட்டது. தண்ணீர் பிள்ளைகள் சொன்னபடியே தீர்ந்து, பயிர் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாய்ப் போனது. அப்போதாவது உங்களை நினைப்பார்கள் என்று பார்த்தேன். "அந்த டீச்சர் வாய் வச்சதுலதான் வத்திப்போச்சு" என்றார்கள். கடைத்தெருவில் நின்று சண்டை போட்டேன். சிரித்தார்கள்.

உங்களைத் தேடி ஆவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு வந்தபோது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வேறெதுவும் நடத்துவதில்லை என்றீர்கள்.

"விடை தப்பா வந்திருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பாங்கடி. சரியா வந்துருச்சே."

இப்போது ஐந்தாம் வகுப்பு என்னிடம். நானும் மூங்கில் ஊன்றுகிறேன். "வீட்ல சொல்லலாமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டால், சொல்லுங்கள் என்கிறேன். மறுநாள் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறேன், அக்கா.