சின்ன ஓடுபாதைக்கு ஒரு விமானம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
செப்டம்பர் 10

அன்பு மகன் க்ளெனுக்கு,

டாடி எழுதுகிறேன். நீயும் லாவண்யாவும் குழந்தை அன்னாவும் அங்கே துபாயில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நானும் மம்மியும் சுகம். மம்மிக்கு மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலோடு முந்தாநாள் சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு வந்து, தேர் வரும்வரை கூட்டத்தில் நின்றாள். ஆட்டோவில் திரும்பும்போது, யாருக்காக வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உனக்கே தெரியும்.

போனில் சொல்லக்கூடியதை இவர் ஏன் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் பேசினால் மம்மி பக்கத்திலேயே நிற்கிறாள். இதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் சொல்ல எனக்கு வரவில்லை. உன் சிநேகிதன் டிரேவர் இந்த வாரம் துபாய்க்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கம்பெனியின் பழைய விமானத்தை விற்கப்போகிறார்கள். நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து 'டாடியோட பிளேன்' என்று சொல்லுவாயே, அந்த இரட்டை இன்ஜின் புரொப்பெல்லர் விமானம்தான். இப்போது ஒரு சின்னப் பாகம் வேண்டுமென்றாலும் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் அடுத்தது ஜெட். எந்த ஜெட் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை எங்கள் முதலாளி அனந்தலக்ஷ்மி மேடம் என்னிடம் விட்டிருக்கிறார். எங்கள் விமானப் பிரிவு என்பது, பெயரைத் தவிர, நானும் இன்னொரு பைலட்டும் இன்ஜினியர் ஹரிஷ்குமாரும் ஹேங்கரில் ஒரு மேஜையும்தான். அதனால் என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை.

கடைசியில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. ஒன்று பெரியது, நீ அங்கே ஓட்டுகிற அதே விமானம். மேடத்தின் மகன் ரோஹனுக்கு அதன்மேல்தான் விருப்பம். ஜெர்மனியில் ஆபீஸ் திறந்திருக்கிறார்கள். எங்கும் இறங்காமல் நேராகப் போகலாம் என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. இன்னொன்று சின்ன ஜெட். அவ்வளவு தூரம் போகாது, உள்ளே நிமிர்ந்து நிற்கவும் முடியாது. ஆனால் சின்ன ஓடுபாதையில் இறங்கும், ஏறும்.

போன மாதம் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஓஸ்வால்ட், உங்க பையன் இந்தப் பெரிய பிளேனைத்தானே ஓட்டறான்? இதை வாங்கினா தெரிஞ்ச கேப்டன் ஒருத்தர் வேணும். அவனையே கூப்பிட்டுக்கலாமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் மம்மியிடம் சொன்னேன். அதன்பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குப் போன் போட்டதும் அவள்தான். மாடியில் குடியிருக்கும் பேங்க்காரரிடம் டிசம்பருக்குள் காலி செய்ய முடியுமா என்று கேட்டதும் அவள்தான். கமர்ஷியல் தெருவில் ஜன்னல் துணிகூடப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், மஞ்சளில் சின்னச் சின்னப் பறவைகள் போட்டது, அன்னாவின் அறைக்கு.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா, க்ளென்? இந்த நாட்களில் பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார் போகும்போதெல்லாம் நீதான் ஞாபகம் வருகிறாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஸ்கூட்டரின் முன்னால் ஏறி நின்றுகொள்வாய். மாரத்தஹள்ளிப் பக்கம் போய் நிற்போம். அப்போது எல்லா விமானமும் அங்கேதானே இறங்கும். தலைக்கு மேலே சக்கரம் தெரிகிற மாதிரி வரும். முதலில் காதைப் பொத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டாய். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்ல ஆரம்பித்தாய். பக்கத்தில் நிற்கிறவர்கள் வேண்டுமென்றே உன்னைக் கேட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையில் கால் தரையில் இருக்காது. வேகவைத்த கடலைக்காய் ஒரு பொட்டலம் வாங்கி, வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேரும் காலி செய்துவிடுவோம். இப்போது பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. நாம் நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது.

அந்த நாட்களை நினைத்தால் பெரிய விமானத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் தோன்றுகிறது. ஆனால் பழனிச்சாமி குறுக்கே வருகிறான். அவனைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஹொஸ்பேட்டை பக்கம் எங்கள் வார்ப்பட ஆலை இருக்கிறதே, போன வருஷம் மழைக்காலத்தில் அங்கே உருக்கிய இரும்பு தெறித்து ஒருவனுக்கு நெஞ்சும் கையும் வெந்துவிட்டன. அவன்தான் பழனிச்சாமி, சேலத்துக்காரன். ரோட்டில் கொண்டுபோனால் தாங்கமாட்டான் என்று ஆலை டாக்டர் சொல்லிவிட்டார். ஆலைக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஓடுபாதை உண்டு. ஹரிஷ்குமார் சீட்டுகளைக் கழற்றிப் போட்டான். நான் போய், நனைந்த பாதையில் இறக்கி, அவனை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் பெங்களூர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அவன் மனைவி அவனிடம் வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். தூங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பிழைத்துக்கொண்டான். இப்போது ஆலை ஸ்டோரில் வேலை செய்கிறான்.

பெரிய விமானம் அந்தப் பாதையில் இறங்காது. நீயே அதை ஓட்டுகிறவன், நான் சொல்ல வேண்டியதில்லை. பாதையை நீட்ட முடியுமா என்று நானே போய் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஊர்.

இரண்டு விமானமும் அடுத்த மாதம் இங்கே காட்டுவதற்கு வருகின்றன. பார்த்துவிட்டுத்தான் சொல்லப்போகிறேன். அதுவரை வேலையை விட்டுவிடாதே. லாவண்யா அன்னாவுக்கு இங்கே ஸ்கூல் விசாரிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் நீ பக்குவமாகச் சொல். மம்மியிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் டாடி,
ஓஸ்வால்ட்


காக்ஸ் டவுன், பெங்களூர்
நவம்பர் 16

அன்பு மகன் க்ளெனுக்கு,

டாடியின் ஆசீர்வாதம். அன்னாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று மம்மி சொன்னாள், நிம்மதியாயிற்று. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் மொட்டை மாடிக்குப் போக முடியவில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன ஜெட்டைத்தான் வாங்குகிறோம். மம்மி எப்படிச் சொன்னாளோ தெரியாது. அவள் சொன்னதில் கோபம் கலந்திருக்கும். அதனால் நடந்ததை நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்தது பெரிய விமானம். ஹேங்கர் வாசலில் அது திரும்பி நின்றபோது ஹரிஷ்குமார் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான். அவ்வளவு அழகு. ரோஹனையும் மேடத்தையும் ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போய் வந்தோம். திரும்பும்போது விற்கிற கம்பெனியின் பைலட் என்னை இடது சீட்டில் உட்காரச் சொன்னார். நீ தினம் உட்காருகிற சீட். நீ கையை எங்கே வைப்பாய், எந்தப் பக்கம் சாய்ந்து வெளியே பார்ப்பாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். காவிரி கீழே போயிற்று. நான் விமானத்தைப் பார்த்ததைவிட உன்னைப் பார்த்ததுதான் அதிகம். இறங்கியதும் ரோஹன், "எப்படி கேப்டன்?" என்று கேட்டார். இதைவிட நல்ல விமானத்தை நான் தொட்டதில்லை என்றேன். அது உண்மை.

அடுத்த வாரம் சின்னது வந்தது. நானும் ஹரிஷ்குமாரும் ஒரு காரியம் செய்தோம். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் நீள அகலத்துக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி எடுத்துப் போனோம். விற்க வந்தவர் எங்களுக்காகக் குளிர்ந்த ஜூஸெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு படியேறியதும் அதையெல்லாம் ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். முன் கதவில் நுழைந்தது, ஆனால் உள்ளே திரும்பவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது, மகனே. இதுவும் உதவாது, அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாம், நீ வந்துவிடுவாய். பலகையைப் பிடித்துக்கொண்டு அந்த சந்தோஷத்தோடு நின்றேன். அப்போது ஹரிஷ்குமார், "சார், பின்னாடி சாமான் கதவு பெருசா இருக்கு, அதையும் பார்த்துடலாம்" என்றான். பின் கதவு வழியாகப் பலகை சறுக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டது.

எதை வாங்குவது என்று முடிவு செய்கிற கூட்டம் பீன்யா ஆபீஸில். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாம் பறக்கிறதில் பெரும்பாலும் ஒரு மணி நேரத் தூரம்தான். ஐரோப்பாவுக்கு வருஷத்தில் சில தடவை. அதற்கு டிக்கெட் கிடைக்கும், ஆலைக்கு டிக்கெட் கிடைக்காது என்றேன். ரோஹன் விடவில்லை. அவசரத்துக்கு வெளியிலிருந்து விமானம் வாடகைக்கு எடுக்கலாமே என்றார். கேட்டால் வரும், ஆனால் அந்தப் பாதைக்கு அன்று மழையில் யார் வந்திருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பிறகு, "அன்னிக்கு ஜெர்மனியிலேர்ந்து போன் பண்ணி, என்ன ஆனாலும் பிளேனை அனுப்புங்கன்னு சொன்னதே நான்தான்" என்று தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பெரிய விமானத்தின் படம் போட்ட தாள்களை அவரே ஒன்றாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். நல்ல பிள்ளை. அவருக்கும் அது ஆசைதானே.

எல்லோரும் எழுந்து போனபின் மேடம் என்னை நிறுத்தினார். "பையன் வந்திருப்பானே ஓஸ்வால்ட். வீட்ல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். தெரியவில்லை மேடம் என்றேன்.

வீட்டில் மம்மி ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள், ஜெபமாலை சொன்னாள், என்னோடு மட்டும் பேசவில்லை. பல நாள் கழித்து ஒரு மத்தியானம், "அந்தப் பழனிச்சாமிக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு பெண்கள் என்றேன். "பெரியவ என்ன படிக்கிறா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "அதைக்கூடக் கேக்கலையா நீங்க" என்று திட்டினாள். திட்டியதும் எனக்கு உயிர் வந்தது. இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் காப்பியில் சர்க்கரை மறுபடி போடுகிறாள்.

பழைய விமானமும் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை நாக்பூரிலிருந்து வாங்கியவர்கள் வந்து ஓட்டிப் போனார்கள். நான் ஹேங்கருக்கு வெளியே நின்றேன். நீ முதல்முதலாக யூனிபார்ம் போட்டுக்கொண்டு அதன் இறக்கை அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டாயே, அந்த நாள் ஞாபகம் வந்தது. மேற்கே ஏறித் திரும்பியது. சத்தம் மறையும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். நீ சின்ன வயதில் செய்தது போல.

சின்ன ஜெட்டுக்கு இன்னொரு பைலட் வேண்டும். விளம்பரம் போடுவார்கள். உன் தகுதிக்கு அது கீழேதான், சம்பளமும் அப்படித்தான். தேர்ந்தெடுக்கிற இடத்தில் நான் உட்காரப் போவதில்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். நீ வா என்று நான் கேட்கவில்லை. அங்கே நீ கட்டிக்கொண்ட வாழ்க்கை இருக்கிறது. லாவண்யாவிடம் மட்டும், ஸ்கூல் விஷயத்தில் அவள் பட்ட சிரமத்துக்கு மாமா வருத்தப்படுகிறார் என்று சொல்.

இரண்டு மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் எடுத்தால், "மம்மி இல்லையா?" என்று கேட்கிறாய். கேட்பதில் தப்பில்லை. நானும் உடனே போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். இனி ஒரு தடவை நான் எடுத்தால் கொஞ்சம் பொறு, மகனே. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். அங்கே காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, நீ எந்த ஓடுபாதையில் இறங்கினாய் என்று சொன்னால்கூடப் போதும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ ஏறுகிற ஒவ்வொரு முறையும் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடும்படி ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

உன் டாடி,
ஓஸ்வால்ட்