தோய்த்த பை

ஞாயிறு இரவு, கெலிஓயா

மீனாவைத் தத்தெடுத்து மூன்று மாதம். பதினொரு வயது. சிறுவர் இல்லத்திலிருந்து கொண்டுவந்த பையிலேதான் இன்னும் உடுப்புகளை வைக்கிறாள். இன்று அவளைக் கேளாமல் அந்தப் பையைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பை காஞ்சதும் நான் போகணுமா அன்ரி?"

இல்லத்தில் ஒரு பிள்ளையை வேறிடம் அனுப்புவதற்கு முதல்நாள்தான் பையைத் தோய்ப்பார்களாம்.

"இல்லையம்மா. ஊத்தையா இருந்தது, அதுதான் தோய்ச்சனான். உன்னட்டைக் கேட்டிருக்கோணும். பிழை என்னிலதான்."

தலையாட்டினாள். நம்பினாளோ தெரியாது. உடுப்புகளை மேசையடிக் கதிரையில் அடுக்கினாள். அலுமாரியில் வை என்று நான் சொல்லவில்லை. பின்னேரம் மழை; பை காயவில்லை.

சற்றுமுன் போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். என் சேலைகளுக்குப் பக்கத்தில், நாளைக்குப் போடவேண்டிய அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை தொங்குகிறது.